ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை சொப்பு?

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவர் கையில் ஒரு தராசு இருந்தது. பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் ஜரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாளியா, டிபன் கேரியரா என்று சொல்வார். சங்க காலத்து உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல் வாங்கியதும் அளவுக்கு அளவுதான். பண்டமாற்று நடந்த இடத்திலெல்லாம் நடுவில் ஓர் அளவு இருந்திருக்கிறது. கையால் பின்னிய ஸ்வெட்டரைக் கொடுத்து அக்கா மகளுக்கு மரச் சொப்பு வாங்க நினைக்கும்போது மட்டும் அந்தத் தராசை எடுக்கக் கூச்சப்படுகிறோம். "நீங்க ஒண்ணு பின்னிக் கொடுங்க, நான் ஒண்ணு செஞ்சு தரேன்" என்று தொடங்குகிற மாற்று பாதி வழியில் மனக்கசப்பாக நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

பின்னலுக்கும் தராசு உண்டு. கண்ணியை, அதாவது ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையத்தையும், எண்ணினால் எத்தனை மணி நேர வேலை என்று தெரியும், நூலை நிறுத்தால் கிராம் தெரியும். இந்த இரண்டையும் ஊசியில் முதல் கண்ணி ஏற்றுவதற்கு முன்னால் எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்கும், கணக்கு எங்கெல்லாம் தவறுகிறது என்பதும்தான்.

எடுத்துக்காட்டாக ஒரே மாற்றை வைத்துக்கொள்வோம். நான்கு வயது அக்கா மகளுக்கு அம்பாசமுத்திரம் பாணியில் கடைந்த மரச் சொப்பு ஒரு செட் வேண்டும். கடைசல் பட்டறை வைத்திருப்பவருக்குப் பேரன் இருக்கிறான், அடுத்த மாதம் ஒரு வயது. அம்பாசமுத்திரத்து வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் தீர்க்க வேண்டியதும் அதுவே. பேரன் குன்னூரிலோ பெங்களூரிலோ வளர்கிறான் என்றால் ஸ்வெட்டர் பேசலாம். நெல்லைச் சீமையிலேயே இருக்கிறான் என்றால் அக்ரிலிக் நூலைத் தொடவே வேண்டாம். வியர்த்துக் கொட்டி, கழுத்தில் வேர்க்குரு வந்து, இரண்டாம் நாளே பீரோவுக்குள் போய்விடும். அவனுக்குப் பருத்தி நூலில் கையில்லாத மேல்சட்டையோ, மெல்லிய தொப்பியோ பின்னலாம். எதிராளிக்குப் பயன்படாத பொருளைக் கொடுத்து மாற்றுவது மாற்றே கிடையாது.

இனி கண்ணிக் கணக்கு. ஒரு வயதுக் குழந்தையின் மார்புச் சுற்று ஏறத்தாழ 18 அங்குலம், அதாவது 46 செ.மீ. உள்ளே ஒரு பனியன் போடவும், கொஞ்சம் வளரவும் 5 செ.மீ. தளர்வு விட்டால் 51 செ.மீ. டி.கே. என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தரத் தடிப்பு நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் பொதுவாக 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணியும், 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசையும் வரும். 51 செ.மீ.க்கு 112 கண்ணி. உடல் உயரம் 28 செ.மீ. என்றால் 78 வரிசை. 112-ஐ 78-ஆல் பெருக்கினால் 8,736 கண்ணி. கை ஒன்றுக்குச் சராசரியாக 44 கண்ணி அகலம், 56 வரிசை நீளம், அது 2,464. இரண்டு கைக்கும் 4,928. கழுத்துப் பட்டி, பொத்தான் பட்டி, ஓரங்கள் சேர்த்து 1,400 போட்டால் மொத்தம் 15,000 கண்ணிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

உங்கள் வேகம் என்ன என்பதை ஊகிக்காதீர்கள். மாதிரித் துண்டு பின்னும்போது 30 கண்ணியில் 10 வரிசைக்குக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 300 கண்ணி 15 நிமிடத்தில் முடிந்தால் நிமிடத்துக்கு 20. அந்த வேகத்தில் 15,000 கண்ணிக்கு 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். நூல் நுனிகளைச் செருகுவது, பொத்தான் தைப்பது, அலசிப் பரப்பிக் காய வைப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி கூட்டினால் 16 மணி நேரம். முறுக்குப் பின்னலோ இரண்டு நிறப் பூ வேலையோ வந்தால் இந்த வேகம் நிற்காது. அந்த டிசைனிலேயே பத்து வரிசை பின்னி நேரம் பார்த்துவிட்டுத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

இதே கணக்கைத் தொப்பிக்குப் போட்டால் ஒரு வயதுத் தலைச்சுற்று 46 செ.மீ. தொப்பி கவ்வி நிற்க வேண்டும் என்பதால் 42 செ.மீ.க்குப் பின்னினால் போதும். 92 கண்ணி, 48 வரிசை, உச்சியில் குறைத்துக்கொண்டு போவதைக் கழித்தால் 4,000 கண்ணி. நான்கு மணி நேரத்தில் முடியும். காலுறை ஜோடிக்கு மூன்று மணி.

போர்வைக்கு வாருங்கள். "வெறும் சதுரம்தானே, சுலபமாப் போட்டுடலாமே" என்று எதிராளி கேட்பது அநேகமாக இதைத்தான். 75 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம். இரு பக்கமும் நிட் எனும் நேர்க் கண்ணி மட்டுமே போடுகிற பின்னலில் வரிசைகள் நெருங்கி விழும், 10 செ.மீ.க்கு 40 வரிசை. 165 கண்ணி, 360 வரிசை. பெருக்கிப் பாருங்கள், 59,400. ஏறக்குறைய 50 மணி நேரம். ஸ்வெட்டரைப் போல மூன்று மடங்குக்கு மேல். மொத்தச் சொப்பு செட்டுக்கும் ஒரு போர்வை என்று பேசி முடித்துவிட்டு, இருபதாவது நாள் இரவு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போடாதவர்கள்தான். சதுரமாக இருப்பதால் வேலை குறையாது. யோசனைதான் குறையும்.

நூல் கணக்கும் இதே துண்டிலிருந்து வரும். சமையலறைத் தராசில் உருண்டையை நிறுத்துக் குறித்துக்கொண்டு மாதிரித் துண்டைப் பின்னி, மறுபடி நிறுத்தால் எவ்வளவு போனது என்று தெரியும். துண்டு சின்னதாக இருந்தால் தராசு ஒரு கிராம் ஏமாற்றினாலே கணக்கு கெட்டுவிடும். அதனால் 15 செ.மீ. சதுரமாவது பின்னுங்கள். மேலே சொன்ன ஸ்வெட்டருக்கு 130 முதல் 150 கிராம், தொப்பிக்கு 30, காலுறைக்கு 25, போர்வைக்கு 400 கிராமுக்குக் குறையாது. வாங்கும்போது ஸ்வெட்டருக்கு 200 கிராமாக வாங்கிவிடுங்கள். லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும். ஒரே நிற எண்ணில் இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு சாயல் தள்ளி நிற்கும். கடை டியூப் லைட்டில் தெரியாது. வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நெஞ்சுக்கு மேலே ஒரு கோடு போட்டது போலத் தெரியும். வேறு வழியே இல்லாமல் இரண்டாம் லாட் வாங்க நேர்ந்தால், மாறுவதற்கு முந்தைய ஏழெட்டு வரிசைகளில் பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கோடு கரைந்துவிடும்.

ஊசி நம்பரில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் கடைகளில் இன்றும் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12-ஆம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்க டிசைன்களில் போட்டிருக்கும் 8 வேறு, அது 5 மி.மீ. நம்பரை மட்டும் பார்த்துப் பின்னினால் ஒரு வயதுச் சட்டை மூன்று வயதுக்கு வரும், அல்லது பொம்மைக்கு வரும். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

இப்போது விலை. இதில் என் கருத்து உறுதியானது. உங்கள் ஸ்வெட்டரைக் கடை ஸ்வெட்டரோடு ஒப்பிட விடாதீர்கள், நீங்களும் ஒப்பிடாதீர்கள். லூதியானாவில் இயந்திரம் பின்னும் ஸ்வெட்டரின் விலைக்குள் உங்கள் பதினாறு மணி நேரம் எந்தக் காலத்திலும் அடங்காது. அதே நேரம் மணிக்கு மணி என்று நேராக மாற்றுவதும் கடைசல்காரரிடம் சரிப்படாது. அவர் ஒரு சின்னக் குடத்தைச் சுழலும் பட்டறையில் சில நிமிடங்களில் கடைந்துவிடுவார். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் பல வருடக் கைப்பழக்கமும், மின்சாரமும், மரமும், அரக்கும், உடைந்து வீணாகும் துண்டுகளும் இருக்கின்றன. அவர் பக்கத்துக்கு அவர் நேரில் விற்கும் விலையை எடுத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசாமல். உங்கள் பக்கத்துக்குப் பொருள் விலையைப் பில்லில் உள்ளபடி வைத்து, அதன் மேல் மணிக் கூலியைப் போடுங்கள். பேச்சுக்கு, நூல் 350 ரூபாய், பொத்தான் 40, கூலி மணிக்கு 75 வீதம் 16 மணிக்கு 1,200. மொத்தம் 1,590. சொப்பு செட்டுக்கு அவர் 1,600 சொல்கிறார் என்றால் மாற்று முடிந்தது. அவர் 2,000 சொன்னால் ஒரு தொப்பி சேர்த்துக் கொடுத்துவிடலாம். நான்கு மணி 300, நூல் 70. மிச்சம் முப்பது நாற்பது ரூபாயைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் 800 சொன்னால் முழு ஸ்வெட்டர் கொடுக்காதீர்கள். தொப்பியும் காலுறையும் கொடுங்கள், ஏழு மணி நேரம், ஏறக்குறைய 650. மீதியைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். பாதி மாற்று, பாதி பணம் என்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

வரி பற்றி ஒரு வார்த்தை. தொழிலாகச் செய்து ஜி.எஸ்.டி. பதிவும் வைத்திருப்பவர்களுக்கு 2017 சட்டத்தின் 7-ஆம் பிரிவில் பண்டமாற்றும் விற்பனையோடு சேர்ந்தே வருகிறது, பில் போட வேண்டும். வீட்டில் பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பேசியதை எழுத்தில் வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அதில் என்ன இருக்க வேண்டும் என்றால், ஏறத்தாழ இப்படி:

"வணக்கம்ண்ணா. பேசினபடி: நான் தருவது ஒரு வயசு அளவு முன்பக்கம் பொத்தான் வச்ச ஸ்வெட்டர் ஒண்ணு, மஞ்சள் அக்ரிலிக் நூல், பூ வேலை இல்லாம. நீங்க தருவது 15 உருப்படி மரச் சொப்பு, உள்ளேயும் வெளியேயும் அரக்கு, ஓலைப்பெட்டியோட. ரெண்டு பேரும் மாசி 20-க்குள்ள முடிச்சு ஒரே நாள்ல அனுப்புறோம். கூரியர் செலவு அவங்கவங்களது. குழந்தையோட நாலு அளவும் இந்த வாரம் அனுப்பிடுங்கண்ணா, அளவு வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன்."

கடைசி வரிதான் இந்தச் செய்தியில் முக்கியமானது. "சும்மா ஒரு வயசுக்குப் போடுங்க" என்ற பேச்சில் பின்னத் தொடங்கினால் அளவு தவறும்போது பழி உங்கள் மேல் விழும். நான்கு அளவு கேளுங்கள்: மார்புச் சுற்று, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை நீளம், தலைச்சுற்று. குழந்தை அசையாமல் நிற்காது. அதற்கு மாற்றாக, நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள், மார்புச் சுற்று கிடைத்துவிடும். தலைச்சுற்றை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுங்கள். குழந்தை ஸ்வெட்டரில் வரும் புகார்களில் முதலிடம் கழுத்துக்குத்தான். தலை நுழையாது. ஒரு வயதில் தலை மார்புக்குச் சமமாக 46 செ.மீ. இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இது ஏன் என்று புரியும். தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டர் என்றால் தோளில் இரண்டு பொத்தான் வைத்துத் திறப்பு விடுங்கள். கழுத்துக் கண்ணியை முடிக்கும்போது 4 மி.மீ. ஊசியை வைத்துவிட்டு 5 மி.மீ.க்கு மாறுங்கள். இறுக்கி முடித்த கழுத்து எவ்வளவு இழுத்தாலும் கொடுக்காது.

மாற்றுக்குப் பின்னும் ஸ்வெட்டரை முன், பின், கை என்று துண்டு துண்டாகப் பின்னித் தைக்காதீர்கள் என்பேன். கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரே துண்டாக இறங்கும் ராக்லன் முறைதான் இதற்குத் தோது. வட்ட ஊசியில் கழுத்துக் கண்ணியை ஏற்றி, நான்கு மூலைக் கோடுகளில் ஒன்றுவிட்ட வரிசையில் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் ஒரு முறைக்கு எட்டுக் கண்ணி ஏறும். அக்குள் வந்ததும் கைக் கண்ணிகளை ஒரு நூலில் கோத்து நிறுத்திவிட்டு உடலை முடிக்கலாம். அதன்பின் கைகள் மேலிருந்து கீழே இறங்கும். இதில் என்ன லாபம்? பின்னி அனுப்பிய பிறகு "கை ரெண்டு விரல் குட்டையா இருக்கு" என்று சொன்னால் முனையை மட்டும் பிரித்து இன்னும் ஆறு வரிசை போட்டுவிடலாம். அடுத்த வருடம் குழந்தை வளர்ந்தாலும் உடலை அதே மாதிரி நீட்டலாம். கீழிருந்து மேலே பின்னிய கையில் இது நடக்காது. தையலைப் பிரித்து, தோள் வளைவையும் பிரித்து, ஏறத்தாழ புதிதாகப் பின்ன வேண்டியிருக்கும். ஒரு திருத்தம் செய்து தருவதாக முதலிலேயே வாக்குக் கொடுக்கவும் இந்த முறை இடம் தருகிறது.

குழந்தைக்குப் பின்னுவதில் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டாம், எதிராளி ஆசைப்பட்டாலும். பொத்தானை ஸ்வெட்டர் நூலால் தைக்காமல் கெட்டித் தையல் நூலில் நாலைந்து முறை போட்டு, பின்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டு கொடுத்துத் தையுங்கள். இழுத்துப் பார்த்து வராமல் இருக்க வேண்டும். இரண்டு நிற வேலையில் உள்பக்கம் நீளமாகக் கிடக்கும் நூல்களில் குழந்தையின் விரல் மாட்டும். காலுறைக்குள் அப்படி ஒரு நூல் கால் விரலைச் சுற்றி இறுகினால் ஆபத்து. காலுறையை உள்ளே வெளியே புரட்டிப் பார்த்து அனுப்புங்கள். மொஹேர், அங்கோரா போல முடி உதிரும் நூல் வாய்க்குள் போகும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தொட்டிலில் தூங்கும்போது தளர்வான போர்வையோ தொப்பியோ கூடாது என்பதையும் பொருளோடு சொல்லி அனுப்புங்கள். நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பிறந்தநாளுக்குக் கறுப்பு வேண்டாம் என்கிற வீடுகள் நிறைய.

இனி நீங்கள் வாங்கும் பொருள். உங்கள் பதினாறு மணி நேரத்தைக் கொடுத்து வாங்குகிறீர்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

கடைந்த மரச் சொப்பில் அரக்கு ஏறும் விதம் அழகானது. பட்டறையில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போது நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் தாழை ஓலையை மடித்து அழுத்தி மெருகேற்றுவார்கள். அங்கே மரம் பெரும்பாலும் வெப்பாலை. இப்படி ஏறிய நிறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சுற்றுவட்டமாக மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். பிரஷ் போட்ட தடம் நீளவாக்கில் தெரிந்தால் அது பெயிண்ட். முகர்ந்தால் தின்னர் வாசனை அடித்தாலும் அப்படித்தான். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் ஒவ்வொரு உருப்படியையும் இருபது முப்பது தடவை தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் குழந்தை வாயிலும் இறங்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பட்டறையிலிருந்து அறுத்தெடுத்த இடம் அங்கேதான் இருக்கும். சரியாகத் தேய்க்காமல் விட்ட முள் நுனி விரலில் ஏறும். பானை, குடம், உரல் இவற்றின் உள்பக்கத்தில் பச்சை மரம் தெரிகிறதா என்று பாருங்கள். சொப்பு விளையாட்டு என்றால் தண்ணீர் ஊற்றாமல் எந்தக் குழந்தையும் சோறு ஆக்காது. உள்ளே அரக்கு இல்லாத பானை தண்ணீரைக் குடித்து, வெயிலில் காய்ந்து, சில மாதத்தில் வாயிலிருந்து விரிசல் விடும். விளையாடி முடித்ததும் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். சானிடைசர் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வயதுதான் எல்லாவற்றிலும் பெரிது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே நல்ல கைவேலைச் சொப்பில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அது குற்றமில்லை. ஆனால் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையதாகிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் அளவைப் பொம்மைத் தர விதிகளில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்ன உருளையை வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த அளவு வீட்டிலேயே இருக்கிறது. வளையல் கடையில் 2.4 என்றால் இரண்டே நாலு பதினாறில் அங்குலம் என்று பொருள். அதே கணக்கில் கைக்குழந்தைக்குப் போடும் 1.4 அளவு வளையலின் உள்விட்டம் ஒன்றேகால் அங்குலம், 31.75 மி.மீ. பீரோவிலிருந்து அந்த வளையலை எடுத்துவந்து ஒவ்வொரு உருப்படியையும் எல்லாத் திசையிலும் நுழைத்துப் பாருங்கள். நீளமான உலக்கையும் கரண்டியும் நுழையும்தான். மற்றபடி சின்ன மூடி, குட்டி விளக்கு, அம்மிக் குழவி என்று நுழைந்து விழுகிற எதையும் தனியே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நான்கு வயது அக்கா மகளுக்குக் கொடுக்கலாம். அவளுக்குத் தவழ்கிற தம்பி இருக்கிறான் என்றால் அந்த டப்பா அக்காவிடம் இருக்கட்டும். உலக்கை, கரண்டி போன்ற நீளக் குச்சிகளை வாயில் வைத்துக்கொண்டு ஓடாமல் பார்க்கவும் சொல்லிவிட வேண்டும்.

காலக் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 16 மணி நேரம் என்பது தினம் ஒரு மணி கிடைத்தால் 16 நாள். அலசிக் காய 2 நாள், தபாலுக்கு 5 நாள், காய்ச்சல், விருந்தாளி, பரீட்சை என்று ஒரு வாரம். பிறந்தநாளிலிருந்து ஒரு மாதம் பின்னால் எண்ணி அங்கே தொடங்க வேண்டும். கடைசல்காரருக்கும் மழைக்காலத்தில் மரம் காய நாளாகும், ஐப்பசி கார்த்திகையில் அவரை நெருக்காதீர்கள். நடுவில் ஒரு முறை இருவரும் படம் அனுப்பிக்கொள்வது நல்லது. நீங்கள் அக்குள் வரை வந்ததும் ஒரு படம், அவர் பாதி உருப்படி கடைந்ததும் ஒரு படம். நிறம் காட்டும் படத்தைப் பகலில், ஜன்னலோரம், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நூலின் நிறமும் பொய் சொல்கிறது என்று எதிராளிக்குப் புரியும்.

பாதியில் "கூடவே ஒரு தொப்பியும் போட்டுடுங்களேன்" என்று வரும். கோபப்பட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "போட்டுடலாம்ண்ணா, நாலு மணி நேர வேலை, அதுக்கு ஒரு ஆட்டுக்கல்லும் திருகையும் சேர்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். அளவு ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி யாருக்கும் உறுத்தாது.

சொந்தக்காரர்களோடு இந்த மாற்றைச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. சித்தியிடம் மணிக் கணக்குச் சொன்னால் "எங்கிட்டயே கணக்கா?" என்று முகம் வாடும். சொல்லாவிட்டால் உங்கள் முகம் வாடும். உறவுக்குப் பின்னுவதைச் சீராகக் கொடுத்துவிடுங்கள். மாற்றைத் தன் வேலையின் விலையை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புகிற அன்று ஸ்வெட்டரை ஒரு முறை அலசிப் பாருங்கள். அடர் சிவப்பு, மெரூன் பருத்தி நூல் என்றால் பின்னத் தொடங்கும் முன்பே மாதிரித் துண்டை வெள்ளைத் துணியோடு ஊற வைத்துப் பார்த்திருக்க வேண்டும். உப்பும் வினிகரும் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பி வெள்ளைப் பட்டி வைக்காதீர்கள். கொடியில் தொங்கப் போடாமல் துண்டின் மேல் பரப்பி, கையால் அளவுக்கு இழுத்துவிட்டுக் காய வையுங்கள். நனைந்த பருத்தியின் கனமே அதை முழங்கால் வரை இழுத்துவிடும். ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதிக் கட்டுங்கள்: என்ன நூல், வெந்நீர் வேண்டாம், அயர்ன் வேண்டாம். அக்ரிலிக்கில் சூடான அயர்ன் ஒரு முறை பட்டால் பின்னல் தட்டையாகித் துவண்டுவிடும், பிறகு எழும்பாது. அட்டையோடு அதே லாட் நூலில் பத்துப் பதினைந்து கிராமையும் ஒரு மாற்றுப் பொத்தானையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் கை நீட்ட வேண்டி வரும்போது அந்த லாட் கடையில் இருக்காது.